தெங்குமரஹாடா: ஒரு ஊர் உருவாகி, காலியாகப் போற கணக்கு

ஒரு ஊரோட மக்கள்தொகை மாற நாலே வழிதாங்க: பிறப்பு, இறப்பு, உள்ளே வர்றது, வெளியே போறது. பெரும்பாலான ஊர்கள்ல இது மெதுவா நடக்கும், நமக்குத் தெரியாது. ஆனா நம்ம ஈரோட்டை ஒட்டி இருக்கிற ஒரு விவசாய கிராமத்துல இந்தக் கணக்கு பளிச்சுனு தெரியும்.

பவானிசாகர்ல இருந்து காட்டு வழியா போனா மாயாறு வரும். பஸ் இந்தக் கரையிலேயே நின்னுரும். பரிசல்ல ஆத்தைத் தாண்டினா தெங்குமரஹாடா. ஊர் இருக்கறது நீலகிரி மாவட்டம், கோத்தகிரி வட்டத்துல. ஆனா சந்தை, ஆஸ்பத்திரின்னா பவானிசாகரும் சத்தியமங்கலமும்தான்.

இந்த ஊர் தானா உருவானதில்லை. நாட்டுல உணவுப் பஞ்சம் இருந்த 1948-ல, காட்டு நிலத்துல சுமார் 100 ஏக்கரை ஒரு கூட்டுறவு விவசாயச் சங்கத்துக்கு அரசு கொடுத்துச்சு. பிற்பாடு அது 500 ஏக்கர் வரைக்கும் ஆச்சு. முதல்ல வந்தவங்க கோத்தகிரிப் பக்கத்துப் படுகர்கள். அப்புறம் வயல் வேலைக்குன்னு மத்தவங்களும் வந்து தங்கினாங்க. நெல், வாழை, மஞ்சள்னு வெள்ளாமை நடந்துச்சு.

சிக்கல் எங்கேன்னா, குடும்பம் பெருகும், நிலம் பெருகாது. நிலமும் வனத்துறையோடது, பட்டா கிடையாது. ஆத்துல வெள்ளம் வந்தா ஊர் துண்டிக்கப்பட்டுரும். ராத்திரி வயலுக்கு யானை வரும். அதனால போயிரலாம்னு நினைக்கறவங்களும் இருக்காங்க. இன்னொரு பக்கம், யானை, புலி, பாறுக் கழுகுக்கு மாயாற்றுப் பள்ளத்தாக்கு ரொம்ப முக்கியமான இடம்.

2023-ல சென்னை உயர் நீதிமன்றம், ஊரை இடம் மாத்த 74.25 கோடி ரூபாய் விடுவிக்கச் சொல்லி தேசியப் புலிகள் காப்பக ஆணையத்துக்கு உத்தரவு போட்டுச்சு. 495 குடும்பம், தலா 15 லட்சம். பெருக்கிப் பாருங்க, சரியா வரும்.

ஆனா இதுல 'குடும்பம்'னா ஒரே அடுப்புல சாப்பிடறவங்கன்னு அர்த்தமில்லை. புலிகள் காப்பக விதிப்படி, 18 வயசு தாண்டின மகன் தனிக் குடும்பம். அதாவது, யாரைக் குடும்பம்னு எண்ணறோம்ங்கறதுதான் காசு யாருக்குப் போகும்னு முடிவு பண்ணுது. நிலத்துல பங்கு இருக்கறவருக்கும், அதே நிலத்துல கூலிக்குப் போனவருக்கும் தொகை ஒண்ணுதான். கூலிக்காரர் இழக்கறது தினசரி வேலையை. வெளியே 15 லட்சத்துல வீடு கட்டிட்டா, அடுத்த நாள் அவர் எந்த வயலுக்குப் போவார்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பட்டியல்ல 'ஆள் இல்லாத கிராமம்'னு ஒரு வகை இருக்கு. தெங்குமரஹாடா ஒருநாள் அதுல சேரலாம். அன்னைக்கு ஊர் பேருக்கு நேரா பூஜ்ஜியம்னு இருக்கும். அந்தக் குடும்பங்க வேற ஏதோ ஊரோட எண்ணிக்கையில கலந்திருக்கும். அங்கே அவங்க எப்படி வாழறாங்கன்னு எந்தக் கட்டத்துலயும் எழுதியிருக்காது. நாமதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.