பனையும் பாசியும் பிழைத்த கரை

இந்தோனேசியாவின் ரோட்டே தீவில், தென்மேற்குக் கரையில் வேலை நேரத்தைத் தீர்மானிப்பது கடிகாரமல்ல, கடல் வற்றும் நேரம்தான். நீர் உள்வாங்கி முழங்கால் ஆழத்துக்கு வந்ததும் குடும்பம் குடும்பமாக இறங்குகிறார்கள். அடிமணலில் முளைகள் அடித்திருக்கும். முளைக்கு முளை கயிறு ஓடும். கயிற்றில் சாண் இடைவெளிக்கு ஒன்றாக, கைப்பிடியில் அடங்கும் பாசித் துண்டுகளை ரஃபியா நூலால் கட்டுகிறார்கள். இறுக்கினால் தண்டு அறும். தொளதொளவென்று விட்டால் அலை கொண்டுபோய்விடும். அந்தப் பதம் கைக்குத்தான் தெரியும். சுமார் 45 நாளில் துண்டு பெருத்துக் கொத்தாகிவிடும். அறுத்துக் கரையில் விரித்து இரண்டு மூன்று நாள் வெயில் காட்டினால், எட்டுக் கிலோ ஈரப்பாசி ஏறக்குறைய ஒரு கிலோவாகச் சுருங்கும். அந்த ஒரு கிலோவுக்குத்தான் விலை.

கப்பாபைகஸ் என்கிற இந்தப் பாசி நமக்குப் புதிதல்ல. மண்டபம் பக்கம் மூங்கில் மிதவைகளில் நம் பெண்கள் வளர்ப்பதும் இதே இனம்தான். இதிலிருந்து எடுக்கும் காராஜீனன், ஐஸ்கிரீம் முதல் பற்பசை வரை பதம் கெடாமல் கெட்டியாக நிற்க உதவுகிறது. இந்த வகைப் பாசியை உலகிலேயே அதிகம் விளைவிக்கும் நாடு இந்தோனேசியா.

கிழக்கு நுசா தெங்காரா மாகாணத்தில், நாட்டின் தெற்கு விளிம்பில் இருக்கிறது ரோட்டே. மாகாணத் தலைநகர் குப்பாங்கிலிருந்து விரைவுப் படகில் சுமார் இரண்டு மணி நேரம். மழை என்றால் டிசம்பர் முதல் மார்ச் வரைதான். மற்ற மாதங்களில் சுண்ணாம்புப் பாறை மேல் காய்ந்த புல். இந்த வறட்சியில் தலைமுறை தலைமுறையாக ஜனங்களுக்குச் சோறு போட்டது பனை. ஆம், நம் பனையேதான். காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவி, ஓலைப் பட்டையில் இறக்கும் சாற்றைக் காய்ச்சிப் பாகாக்கிச் சேமித்துவைப்பார்கள். பாகைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பதையே ஒரு வேளைச் சாப்பாடாகக் கொண்ட குடும்பங்கள் இங்கே ஏராளம். அண்டைத் தீவுகள் பஞ்சத்தில் தவித்த காலங்களிலும் ரோட்டேயும் சாவூ தீவும் தாக்குப்பிடித்ததற்குப் பனையே காரணம் என்று மானிடவியலாளர் ஜேம்ஸ் ஃபாக்ஸ் 1977இல் ஒரு முழு நூலே எழுதினார். இந்தத் தீவின் பெருமையான சசாந்தோ இசைக்கருவியில் நரம்புகளைச் சூழ்ந்து நாதத்தைத் திரட்டுவதும் குடையாக விரிந்த பனையோலைதான்.

பனை பசியாற்றியது. கையில் காசு கொடுத்தது பாசி. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பாசி வளர்ப்பு கரையோரக் கிராமங்களில் பரவியதும், பிள்ளைகளை மேல்படிப்புக்கு அனுப்ப முடிந்தது. சிமென்ட் சுவர் வைத்து வீடு கட்ட முடிந்தது. வட்டிக்கு வாங்காமல் இதையெல்லாம் செய்தார்கள் என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். நிலம் வேண்டாம், உழவு மாடு வேண்டாம். கயிறும் நூலும் உடம்பும் இருந்தால் போதும். மிகவும் ஏழையாக இருந்தவரும் நுழையக்கூடிய தொழிலாக இருந்தது.

2009 ஆகஸ்ட் 21 அன்று, ரோட்டேயிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் தென்கிழக்கே, ஆஸ்திரேலியக் கடற்பகுதியில் இருந்த மோன்டாரா எண்ணெய்க் கிணறு வெடித்துக் கசியத் தொடங்கியது. தாய்லாந்து அரசு சார்ந்த பிடிடிஇபி நிறுவனத்தின் ஆஸ்திரேலியக் கிளை நடத்திய கிணறு அது. கசிவை நிறுத்த நவம்பர் 3 ஆகிவிட்டது. செப்டம்பரில் ரோட்டேக் கரையில் எண்ணெய்ப் படலமும் மெழுகு போன்ற கட்டிகளும் மிதந்து வந்தன. கயிற்றில் இருந்த பாசி வெளுத்து, சில நாளில் உதிர்ந்து விழுந்தது. வெறும் கயிறுதான் மிச்சம். மறுபடி கட்டிப் பார்த்தார்கள், வளரவில்லை. பல ஆண்டுகள் வளரவில்லை. படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளின் கணக்கு எந்த விசாரணை அறிக்கையிலும் ஏறாது.

கிணற்றை நடத்திய விதத்தில் இருந்த குளறுபடிகளை ஆஸ்திரேலிய விசாரணை ஆணையமே கடுமையாகக் கண்டித்தது. 2012இல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 5,10,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் கட்டியது. ஆனால் எண்ணெய் இந்தோனேசியக் கரையைக் கெடுத்தது என்பதை மட்டும் ஏற்க மறுத்தது. மறுக்க வசதியும் இருந்தது: அந்த வாரங்களில் ரோட்டேயில் முறையாகத் தண்ணீர் எடுத்துச் சோதித்தது மிகக் குறைவு.

2016இல் ஓயெங்காவுட் கிராமத்துப் பாசி விவசாயி டேனியல் சண்டா, 15,000க்கும் மேற்பட்டவர்கள் சார்பில் ஆஸ்திரேலிய கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். கிராமத்துக்காரர்கள் சிட்னி நீதிமன்றத்தில் வந்து நின்று, கடலின் நிறம் எப்படி மாறியது, பாசி எப்படி உதிர்ந்தது என்று சொன்னார்கள். 2021 மார்ச் 19 அன்று நீதிபதி டேவிட் யேட்ஸ் அந்தச் சாட்சியத்தை ஏற்றார்: எண்ணெய் வந்தது, பாசியை அழித்தது, நிறுவனம் கடமை தவறியது. கண்ணால் கண்டவர்களின் வார்த்தைக்கு இவ்வளவு மதிப்புக் கிடைத்த கடல் மாசு வழக்குகள் அதிகமில்லை. 2022 நவம்பரில், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே, 19.25 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர நிறுவனம் இசைந்தது. கசிவு தொடங்கி பதின்மூன்று ஆண்டுகள் கழித்து! அதிலும் வக்கீல் செலவும், வழக்குக்கு முதல் போட்டவர்களின் பங்கும் போக மீதிதான் கரைக்கு.

இதே கடலில் இன்னொரு கதை நடக்கிறது. தீவின் கிழக்கே பாப்பேலா என்ற ஊர். அங்குள்ள மீனவர்களின் முன்னோர், எல்லைக்கோடு என்று ஒன்று வருவதற்கு வெகுகாலம் முன்பே, ஆஷ்மோர் திட்டுகளுக்குப் பாய்மரத்தில் போய்க் கடல் அட்டை எடுத்தவர்கள். இந்தோனேசியாவும் ஆஸ்திரேலியாவும் 1974இல் செய்த ஒப்பந்தப்படி, பழைய முறையில், எஞ்சின் இல்லாமல் குறிப்பிட்ட பரப்பில் மட்டும் போகலாம். கோட்டைத் தாண்டியவர்களின் படகுகளை ஆஸ்திரேலியக் காவலர்கள் பிடித்துக் கொளுத்தியிருக்கிறார்கள். மனிதன் தாண்டினால் படகு சாம்பலாகிறது. எண்ணெய் தாண்டியதை நிரூபிக்க மட்டும் இத்தனை ஆண்டு. இந்த அநியாயத்தை எப்படி மென்மையாகச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பாசி வழக்கின் தீர்ப்பு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, 2021 ஏப்ரல் தொடக்கத்தில் செரோஜா புயல் இந்த மாகாணத்தைப் புரட்டிப்போட்டது. மறுபடி முளையடித்து, விதைப்பாசி தேடி, கட்டினார்கள். அடுத்த ஆண்டு காய்ந்த பாசி கிலோ 30,000 ரூபியாவைத் தாண்டியபோது ஊரே கடலில் இறங்கியது. அதற்கடுத்த ஆண்டே விலை சரிந்தது. பாசியின் பெரும்பகுதி பதப்படுத்தாமல் காய்ந்த நிலையிலேயே சீன ஆலைகளுக்குப் போகிறது; அங்கே கொள்முதல் மந்தமானால் இங்கே வியாபாரி விலையைக் குறைக்கிறார். பாசியை வைத்திருந்து விற்கக் கிடங்கு இல்லாத குடும்பம், சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. மலேசியாவுக்கும் குப்பாங்குக்கும் வேலை தேடிப் போகும் இளைஞர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

தீவின் நெம்பராலா கிராமத்துப் பக்கம் வேறொரு வருமானம் வந்திருக்கிறது. அங்குள்ள அலைகளைத் தேடி உலகெங்கிலுமிருந்து அலைச்சறுக்கு வீரர்கள் வருகிறார்கள். கடலைப் பார்த்த நிலத்துக்கு வெளியார் நல்ல விலை தருகிறார்கள். விடுதி வேலை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பாசிக்கு வெயில் படும் மணற்பரப்பும் கடலில் இறங்கும் பாதையும் வேண்டும். நிலம் ஒரு முறை கைமாறினால் அந்தக் களம் திரும்பி வராது. கிராமங்கள் காயவைக்கும் இடத்தைப் பொதுவில் எழுதிவைத்து, சேர்ந்து கிடங்கு போட்டு, விதைப்பாசிக்குத் தனிப் பண்ணை வைத்துக்கொண்டால் விலை பேசும் பலம் வரும். பனையேறும் கைகள் குறைந்துவரும் காலத்தில், பாகு காய்ச்சத் தெரிந்த பெரியவர்களுக்கு மரியாதையான விலை கிடைக்கச் செய்வதும் அவசரம். பாசி போன ஆண்டுகளில் பல வீடுகள் திரும்பியது அந்த மரத்தடிக்குத்தான்.

மோன்டாரா வயல் மூடப்படவில்லை. 2013இல் உற்பத்தி தொடங்கியது, பிறகு கைமாறியது. 2022 ஜூனில் அங்கு நிற்கும் சேமிப்புக் கப்பலின் தொட்டியிலிருந்து எண்ணெய் கசிந்தது, இந்த முறை சிறிய அளவில். அடுத்த கசிவில் ரோட்டேக் கிராமங்களுக்கு அன்றைக்கே தகவல் சொல்ல ஒருவர் வேண்டும். கடல்நீரை எடுத்து முத்திரையிட்டு வைக்கப் போத்தல்களும், எடுக்கப் பழகிய இரண்டு பேரும் ஒவ்வொரு கரையிலும் வேண்டும். அதைச் சோதிக்க குப்பாங்கில் ஓர் ஆய்வகம் வேண்டும். இதற்கு ஆகும் செலவு, அந்த வழக்குக்கு ஆன செலவோடு ஒப்பிட்டால் சொற்பம்தான்.