பறக்கும் சீக்கியர்

நம் வீடுகளில் பிள்ளைக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு, கூப்பிடுவது வேறொரு பெயரால். 'கட்டையன்', 'கறுப்பி' என்று விளையாட்டாகச் சூட்டிய பெயர், அந்தப் பிள்ளையின் நெஞ்சில் எத்தனை வருடம் தைத்துக் கிடக்கும் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? இழிவான பட்டப்பெயர்களால் அழைப்பதை அல்குர்ஆன் தடுத்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் ஒரு மனிதரை உயர்த்திய பட்டப்பெயரும் உண்டு.

இந்திய ஓட்ட வீரர் மில்கா சிங், இன்று பாகிஸ்தானில் இருக்கும் கோவிந்தபுரா என்ற கிராமத்தில் பிறந்தவர். 1947 பிரிவினைக் கலவரத்தில் பெற்றாரைப் பறிகொடுத்து, அகதியாக டில்லி வந்து சேர்ந்தார். பயணச்சீட்டு இல்லாமல் ரயிலில் ஏறியதற்காக ஒருமுறை சிறைக்கும் போனார். அவரை மீட்டெடுக்கத் தன் நகைகளை விற்றவர் அவருடைய சகோதரி. இராணுவமும் மூன்று தடவை திருப்பி அனுப்பி, நான்காம் தடவையே அவரைச் சேர்த்துக்கொண்டது. ஓடப் பழகியது அங்கேதான்.

1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் 200, 400 மீற்றர் இரண்டிலும் தங்கம். அதே வருடம் கார்டிஃபில் நடந்த பொதுநலவாயப் போட்டியில் 440 யார் ஓட்டத்திலும் தங்கம். சுதந்திர இந்தியாவுக்கு அந்தப் போட்டியில் கிடைத்த முதல் தங்கம் அது.

1960இல் லாகூரில் ஓட அழைப்பு வந்தது. பெற்றாரை இழந்த மண்ணுக்குத் திரும்ப அவருக்கு மனம் வரவில்லை. பிரதமர் நேரு எடுத்துச் சொன்ன பிறகே போனார். எதிரே நின்றவர் சாதாரணமானவரல்ல. 1954, 1958 இரு ஆசியப் போட்டிகளிலும் 100 மீற்றர் தங்கம் வென்று, 'ஆசியாவின் பறக்கும் பறவை' எனப் புகழ்பெற்ற பாகிஸ்தான் வீரர் அப்துல் காலிக். மில்கா அவரை வென்றார்.

பாகிஸ்தான் ஜனாதிபதி ஆயூப் கான் என்ன செய்தார் தெரியுமா? தன் நாட்டு வீரர் தோற்ற அன்று, வென்றவரைப் பார்த்து, நீர் ஓடவில்லை, பறந்தீர் என்ற கருத்தில் பாராட்டினார். 'பறக்கும் சீக்கியர்' என்ற பெயர் நிலைத்தது அன்றிலிருந்துதான்.

அதே வருடம் ரோம் ஒலிம்பிக்கில் 400 மீற்றரில் நான்காம் இடமே அவருக்குக் கிடைத்தது. ஒரு மயிரிழையில் பதக்கம் தவறியது. ஆனாலும் 2021இல் அவர் மறைந்தபோது உலகம் அவரை அந்தப் பெயர் சொல்லியே நினைவுகூர்ந்தது.

காயம் தந்த மண்ணிலிருந்தே கண்ணியமான பெயரும் வந்தது. எதிரணியில் நின்றவருக்கே நல்ல பெயர் சூட்ட ஒருவருக்கு மனம் வந்ததென்றால், நாம் பெற்ற பிள்ளைக்கு ஒரு நல்ல பெயர் சொல்லி அழைக்க நமக்கு என்ன தடை, சகோதரிகளே?