உறை உரைக்கும் ஊர்
(திரைப்படத் தகடுகளின் வெளியீட்டு நிலத்தைச் சான்றிதழ்க் குறியால் அறியும் நெறி)

முன்னுரை

ஒரு பழைய நூல் கைக்குக் கிடைத்தால் முதலில் அதன் முகப்பேட்டைப் புரட்டிப் பார்ப்பது தமிழ் பயில்வோர் வழக்கம். பதிப்பித்தவர் யார், அச்சிட்ட கூடம் எது, ஆண்டு யாது என்பனவற்றை அறிந்த பின்னரே நூலுக்குள் நுழைகிறோம். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தைக் காயல்பட்டினத்துச் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் 1842ஆம் ஆண்டில் அச்சேற்றினார்கள் என்று இன்று நாம் உறுதியாகச் சொல்கிறோம். இவ்வாறு சொல்ல இயல்வது முகப்பேடுகளைப் பேணிய முன்னோர்தம் நன்முயற்சியால் அன்றோ? இஸ்லாமியத் தமிழ் நூல்கள் சென்னையில் மட்டுமன்றிக் கடல் கடந்த கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய ஊர்களிலும் அச்சாயின. முகப்பேடு கிழிந்த படி கிடைக்குமாயின் அதன் ஊரும் காலமும் இருளில் மறைந்துவிடும்.

இந்நிலை நம் கண்முன்னே மற்றொரு பொருளுக்கும் நேர்ந்துகொண்டிருக்கிறது. அது வீட்டில் வைத்துக் காணும் திரைப்படத் தகடு. அதன் உறையே அதற்கு முகப்பேடு. அவ்வுறையில் உள்ள குறிகளைக் கொண்டு தகடு எந்நாட்டு மக்களுக்காக வெளியிடப்பட்டது என அறியும் நெறியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆற்றங்கரை ஊர்களும் தகடுகளும்

தாமிரபரணிப் படுகையின் ஊர்கள் பன்னெடுங்காலமாகக் கடல் வாணிகத்தோடு உறவுடையன. மேலப்பாளையம், பேட்டை, பத்தமடை முதலிய ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்றோர் பலர். காயல்பட்டினத்தார் கொழும்பிலும் ஹாங்காங்கிலும் வாணிகம் செய்தனர். சிற்றாற்றுப் பகுதியைச் சேர்ந்த தென்காசி, கடையநல்லூர் மக்கள் சிங்கப்பூரில் வேரூன்றினர். விடுமுறைக்கு ஊர் திரும்பியோரின் பெட்டிகளில் அத்தரும் துணியும் வந்தவாறே வி.சி.டி., டி.வி.டி. தகடுகளும் வந்தன. வி.சி.டி. 1993இலும், டி.வி.டி. 1996இல் முதலில் ஜப்பானிலும் அறிமுகமாயின. எனவே, நம் வட்டாரத்தில் ஒரே தெருவில் ஐந்து நாடுகளின் தகடுகள் இருத்தல் வியப்பன்று.

இன்று தகடு இயக்கும் கருவிகள் அருகிவிட்டன. வீடு ஒழுங்கு செய்வோர் இடம் மிச்சமாகும் என்று கருதிப் பெட்டியையும் அச்சிட்ட தாளையும் எறிந்துவிட்டுத் தகட்டை மட்டும் துணிப்பையில் செருகி வைக்கின்றனர். முகப்பேட்டைக் கிழித்துவிட்டு நூலைப் பேணுவது போன்றது இச்செயல்.

மண்டல எண்ணின் எல்லை

டி.வி.டி. தகட்டின் உறையில் உலகப் பந்து போன்ற சிறு படமும் அதனுள் ஓர் எண்ணும் காணப்படும். இது மண்டல எண். ஒரு நாட்டில் விற்கும் தகடு வேறு நாட்டுக் கருவியில் இயங்கலாகாது என்னும் வாணிக நோக்கில் படநிறுவனங்கள் செய்துகொண்ட ஏற்பாடு இது. அமெரிக்க ஐக்கிய நாடுகளும் கனடாவும் 1, மேற்கு ஐரோப்பா, ஜப்பான், வளைகுடா நாடுகள், தென்னாப்பிரிக்கா 2, ஹாங்காங், சிங்கப்பூர், மலேசியா முதலியன 3, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னமெரிக்கா 4, இந்தியா, இலங்கை, ருசியா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி 5, சீனா 6. விமானங்களிலும் கப்பல்களிலும் காட்டுவதற்கு 8 என்னும் எண் ஒதுக்கப்பட்டது. 0 எனக் குறித்திருந்தால் எல்லா மண்டலங்களிலும் இயங்கும் என்பது பொருள். பின்னர் வந்த புளூ-ரே தகடுகள் எண்ணை விடுத்து ஏ, பி, சி என மூன்று எழுத்துகளால் உலகைப் பகுத்தன. இந்தியா அவற்றுள் சி.

இவ்வெண் மட்டும் போதாதோ எனில், போதாது. காரணங்கள் மூன்று. முதலாவது, ஒரு மண்டலத்துள் பல நாடுகள் அடங்கும். 2 என்ற எண்ணைக் கண்டு தகடு இலண்டனிலிருந்து வந்ததா, துபாயிலிருந்து வந்ததா எனத் துணிய இயலாது. இரண்டாவது, தமிழ்த் திரைப்படத் தகடுகளுள் பல 0 என்றே வெளிவந்தன. உலகெங்கும் சிதறி வாழும் மக்களுக்கு விற்பதற்கு அதுவே ஏற்றது. மூன்றாவது, வி.சி.டி. தகட்டுக்கு மண்டல எண்ணே கிடையாது. ஆதலின் வேறு சான்று தேட வேண்டியதாகிறது. அச்சான்றே தணிக்கைக் குறி.

குறி நாட்டைக் காட்டும் வகை

திரைப்படத்தை யார் காணலாம் என வகுப்பது அந்தந்த நாட்டின் சட்டத்தையும் வழக்கத்தையும் பொறுத்தது. ஆகவே ஒரு நாட்டின் குறி மற்றொரு நாட்டின் குறியோடு முழுதும் ஒத்திராது.

இந்தியாவில் 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்கீழ் யு, ஏ என்னும் இரு குறிகள் இருந்தன. 1983இல் யு/ஏ, எஸ் என்னும் இரண்டும் சேர்க்கப்பட்டன. 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் யு/ஏ என்பதை 7, 13, 16 என்னும் வயதெல்லைகளால் மூன்றாகப் பகுத்தது.

பிரிட்டனில் 1984ஆம் ஆண்டுக் காணொளிப் பதிவுச் சட்டத்திற்குப் பின் வீட்டுக் காட்சிக்கான பதிவுகளும் வகைப்படுத்தப்படலாயின. அங்கே வடிவமும் வண்ணமும் பொருள் பொதிந்தவை. யு பச்சை முக்கோணத்திலும், பி.ஜி. மஞ்சள் முக்கோணத்திலும், 12, 15, 18 என்பன முறையே செம்மஞ்சள், இளஞ்சிவப்பு, சிவப்பு வட்டங்களிலும் அமையும்.

சிங்கப்பூரில் பி.ஜி., என்.சி.16, எம்18 முதலியனவும், ஹாங்காங்கில் உரோமன் எண்களாலாகிய ஒன்று, இரண்டு-ஏ, இரண்டு-பி, மூன்று என்னும் வகைகளும் வழங்குகின்றன. வட அமெரிக்காவில் மண்டல எண் ஒன்றேயாயினும், பி.ஜி.-13, ஆர் எனக் கண்டால் ஐக்கிய நாடுகள் என்றும், 14ஏ, 18ஏ எனக் கண்டால் கனடா என்றும் பிரித்தறியலாம். எண் செய்யாத வேலையை எழுத்து செய்யும் இடம் இது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. யு என்னும் எழுத்து இந்தியாவிலும் உண்டு, பிரிட்டனிலும் உண்டு, மலேசியாவிலும் உண்டு. எழுத்து ஒன்றாயினும் அதனை வழங்கிய அவை வேறு, அளவுகோலும் வேறு. ஒரு சொல் இருமொழியில் ஒலியால் ஒத்துப் பொருளால் வேறுபடுதல் போல்வது இது. எனவே எழுத்தை மட்டும் காணாது, அதனைச் சூழ்ந்த வடிவம், வண்ணம், அருகில் உள்ள சிறு வாசகம் ஆகியவற்றையும் சேர்த்துக் காணல் வேண்டும்.

குறி காலத்தையும் காட்டும்

குறிகள் காலந்தோறும் மாறி வந்தமையின் அவை ஆண்டை அறியவும் துணை செய்யும். சிங்கப்பூரில் எம்18 என்னும் வகை 2004இல் தோன்றியது, பி.ஜி.13 என்பது 2011இல் வந்தது. பிரிட்டனில் வீட்டுப் பதிவுகளுக்கு 12 என்னும் வகை 1994இல் சேர்ந்தது. யு/ஏ 13 எனக் காட்டும் இந்திய வெளியீடு 2023ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. கல்வெட்டில் எழுத்தின் வடிவங்கொண்டு நூற்றாண்டைக் கணிப்பதற்கு ஒப்பானது இம்முறை.

இந்தியச் சட்டம் தரும் துணை

நம் நாட்டு வெளியீட்டை அறிவதற்குச் சட்டமே ஒரு வழியை வகுத்துள்ளது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984இல் சேர்க்கப்பட்ட 52ஏ என்னும் பிரிவு, காணொளிப் படத்தின் உறையிலும் அதன் காட்சியிலும் சில விவரங்கள் இடம்பெற வேண்டும் என்கிறது. தணிக்கைச் சான்றிதழின் படி, பதிவைத் தயாரித்தவரின் பெயர் முகவரி, உரிமையாளரிடம் இசைவு பெற்றமைக்கான அறிவிப்பு, பதிப்புரிமையாளரின் பெயர் முகவரி என்பன அவை. மீறுவோர்க்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கவும் 68ஏ பிரிவு இடந்தருகிறது. இவ்விவரங்கள் யாவும் அமைந்து, ரூபாயில் அதிகபட்ச விலையும் அச்சிடப்பட்டிருப்பின் அத்தகடு இந்தியச் சந்தைக்கு உரியது எனத் துணியலாம்.

சான்றிதழில் படத்தின் பெயர், மொழி, நீளம், நாள் ஆகியவை காணப்படும். 1983ஆம் ஆண்டு விதிகளின்படி, வெட்டுகளுக்கு உட்பட்ட படமாயின் சான்றிதழின் இடப்புறக் கீழ்மூலையில் ஒரு முக்கோணம் வரையப்பட்டது. அம்முக்கோணம் ஆய்வாளனுக்கு ஒரு செய்தி.

பிற சான்றுகளோடு ஒத்து நோக்கல்

ஒரு சான்றை மட்டும் நம்பி முடிவு கூறல் ஆய்வு நெறியன்று. தணிக்கைக் குறியோடு கோட்டுக்குறியின் முதலெண்களையும் காணலாம்: 890 இந்தியா, 888 சிங்கப்பூர், 955 மலேசியா, 479 இலங்கை, 489 ஹாங்காங், 50 பிரிட்டன். ஆயினும் இவ்வெண் நிறுவனம் பதிவு செய்துகொண்ட நாட்டையே காட்டும். தகடு உருவான ஆலையைக் காட்டாது. தணிக்கைக் குறியும் விற்பனைக்குரிய நாட்டைக் காட்டுமேயன்றி, அச்சான நாட்டைக் காட்டாது. இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. திருட்டுப் பதிப்பாளர் உறையை அப்படியே படியெடுத்தலும் உண்டு. உறையில் ஒரு குறியும், படந்தொடங்குமுன் திரையில் தோன்றும் சான்றிதழில் வேறு குறியும் இருப்பின் ஐயுறல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். ஒரே தமிழ்ப் படத்தின் மூன்று தகடுகள் உள்ளன எனக் கொள்வோம். மூன்றிலும் மண்டல எண் 0. முதலாவதில் மஞ்சள் முக்கோணத்துள் பி.ஜி. எனவும், கோட்டுக்குறி 50 எனவும் உள்ளன. அது பிரிட்டன் வெளியீடு. இரண்டாவதில் இரண்டு-ஏ எனவும் 489 எனவும் உள்ளன. அது ஹாங்காங் வெளியீடு. மூன்றாவதில் யு/ஏ சான்றிதழின் படியும், ரூபாய் விலையும், சென்னை முகவரியும் உள்ளன. அது நம் நாட்டு வெளியீடு. எண் மூன்றையும் ஒன்றாகக் காட்ட, குறி மூன்றையும் வேறுபடுத்திக் காட்டிற்று.

இதனால் ஆய பயன் யாது?

ஒரு படம் எந்நாட்டில் வெளியானால் என்ன என்று மாணவர் வினவலாம். தணிக்கை நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் ஒரே படத்தின் காட்சிகளும் உரையாடல்களும் வெளியீட்டுக்கு வெளியீடு வேறுபடக்கூடும். ஏட்டுச்சுவடிகளில் பாடவேறுபாடு காண்பதுபோல் இங்கும் காண வேண்டும். திரைப்பட உரையாடலை ஆயும் மாணவர் எந்த வெளியீட்டைக் கண்டார் எனக் குறிப்பிடாவிடில், அவர் காட்டும் மேற்கோளைப் பிறர் சரிபார்க்க இயலாது.

ஓட்ட நேரத்தையும் ஆராய்ந்தே கொள்ள வேண்டும். திரையரங்கில் நொடிக்கு 24 சட்டங்களாக ஓடும் படம், பால் முறைத் தகட்டில் வழக்கமாக 25 சட்டங்களாக ஓடும். எனவே 150 நிமிடப் படம் பால் முறையில் 144 நிமிடத்தில் முடியும். என்.டி.எஸ்.சி. முறைத் தகட்டில் 150 நிமிடமாகவே நிற்கும். இரண்டையும் ஒப்பிட்டு, ஆறு நிமிடக் காட்சிகளைத் தணிக்கையாளர் வெட்டினர் என ஒருவர் எழுதுவாராயின் அது வெட்டாத ஒன்றை வெட்டியதாகச் சுமத்தும் பழியாகும். உறையில் பால், என்.டி.எஸ்.சி. என்று அச்சிட்டிருக்கும் சிறு சொல் இப்பிழையிலிருந்து காக்கும்.

பெற்றோர்க்கும் இதனால் பயனுண்டு. வெளிநாட்டு உறையில் உள்ள எழுத்தை நம் நாட்டு எழுத்தாக எண்ணி, பிள்ளைகள் காணத்தகாததைக் காணவிடுதலும் தக்கதைத் தடுத்தலும் நேரக்கூடும். குறி எந்நாட்டுக்கு உரியது என்னும் தெளிவு முதலில் வேண்டும்.

முடிவுரை

முதலில் குறியின் எழுத்தும் வடிவமும், அடுத்து முகவரியும் விலையும், பின் கோட்டுக்குறி, அதன்பின் மண்டல எண், இறுதியாகத் திரையில் தோன்றும் சான்றிதழ். இவ்வரிசையில் நோக்கின் பெரும்பாலான தகடுகளின் நிலம் விளங்கும். விளங்காதவற்றை விளங்காதவை எனவே பதிந்து வைத்தல் நேர்மை.

நம் ஊர்ப் பெரியோர்களிடம் நாம் வேண்டுவது ஒன்று. தகடுகளை எவருக்கேனும், எந்நூலகத்திற்கேனும் கொடுக்கும்போது உறையோடு கொடுங்கள்; அதனைக் கொண்டு வந்தவர் எந்நாட்டில் எவ்வாண்டு வாங்கினார் என்பதை நினைவிருந்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே வையுங்கள். மாணவர்களுக்கு நாம் சொல்வதும் ஒன்று. பிறர் உழைப்பில் வாங்கி வந்த பொருள் நம் கைக்கு வருமாயின் அது அமானிதம். அதன் ஊரையும் பெயரையும் மாறாமல் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது நம் கடமையாகும்.