ஒட்டியும் வெட்டியும்

கேம்பிரிட்ஜ் யூனியன் விவாத மன்றத்தின் துணைத் தலைவராகத் தேர்வான சி.ஆர். ரெட்டி, 1880ல் சித்தூரை ஒட்டிய கட்டமஞ்சியில் பிறந்தவர். 1926ல் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானவர், அரசின் அடக்குமுறையைக் கண்டித்து அந்தப் பதவியையே உதறினார். வாய்ச்சொல் வீரர் அல்ல!

திருப்பதி லூத்தரன் மிஷன் பள்ளியில் படித்த ராதாகிருஷ்ணனின் நாவன்மையோ நாடறிந்தது.

ஆனால் மேடையேறத் துடிக்கும் இப்பகுதித் தமிழ்ப் பிள்ளைக்கு முதல் இடறல் மொழிதான். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, போட்டியில் பெரும்பாலும் ஆங்கிலம். மனப்பாடம் கைகொடுக்காது, எதிரணியின் முதல் கேள்வியிலேயே உதிர்ந்துவிடும். ஒரே தலைப்புக்கு ஒட்டியும் வெட்டியும் குறிப்பெழுதி, நண்பனோடு அணி மாற்றிப் பேசிப் பழக வேண்டும். எதிராளியின் வாதத்தை அவரே தலையாட்டும்படி எடுத்துச் சொல்லிவிட்டு மறுத்தால் நடுவர் நிமிர்ந்து உட்காருவார். மணியடித்ததும் நிறுத்தவும் வேண்டும். பெரியவர்களுக்கே வராத வித்தை அது.