ஐரோப்பியச் சந்தையில் அசலும் போலியும்

பிழைப்புக்காகவும் கல்விக்காகவும் சுற்றுலாவாகவும் ஐரோப்பா செல்வோர் நம் சமுதாயத்தில் பெருகி வருகின்றனர். காரைக்காலிலிருந்து சென்று பாரிஸிலேயே குடியேறிவிட்ட குடும்பங்களும் உண்டு. ஊர் திரும்பும்போது வீட்டுக்கு அழகூட்ட ஒரு பழம்பொருளைக் கொண்டுவர அவர்களுள் சிலர் விரும்புகின்றனர்.

அவ்வாறு என் உறவினர் ஒருவர் ஓர் ஆங்கிலேயத் தேநீர்க் குடுவையைக் கொண்டுவந்தார். நூறாண்டு பழமையான வெள்ளி என்று கூறி விற்றிருந்தனர். அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தோம், இ.பி.என்.எஸ். என்னும் நான்கு எழுத்துகள் இருந்தன. நிக்கல் கலந்த உலோகத்தின் மீது மின்முறையில் வெள்ளி முலாம் பூசப்பட்டது என்பதே அதன் பொருள். ஒரு மாத ஊதியம் வீணாயிற்று. அந்த இழப்பு உங்களுக்கு நேராதிருக்கவே இக்கட்டுரை.

எங்கே தேடுவது?

பாரிஸின் வட எல்லையில் உள்ள சேன்-துவான் சந்தை சனி, ஞாயிறு, திங்கள் நாட்களில் களைகட்டும். பிரஸ்ஸல்ஸில் ‘ஜூ த பால்’ சதுக்கத்தில் நாள்தோறும் காலையில் பழம்பொருள்கள் பரப்பி வைக்கப்படும். லண்டனில் போர்ட்டபெல்லோ தெருவுக்குச் சனிக்கிழமையும், பெர்மான்ட்சிக்கு வெள்ளிக்கிழமை அதிகாலையும் உரியவை. விடியலில் செல்பவருக்கே நல்ல பொருள் கிட்டும்.

எப்படி அறிவது?

ஆங்கிலேய வெள்ளியில் நடக்கும் சிங்கத்தின் முத்திரையைத் தேடுங்கள். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்பதற்கு அதுவே சான்று. சிறுத்தைத் தலை லண்டனையும், நங்கூரம் பர்மிங்ஹாமையும் குறிக்கும். உடனிருக்கும் ஓர் எழுத்து, சோதிக்கப்பட்ட ஆண்டைச் சொல்லும்.

பீங்கானில் அடிக்குறியை மட்டும் நம்பாதீர்கள். 1710-இல் தொடங்கிய ஜெர்மானிய மைசன் ஆலையின் குறுக்கு வாள் குறியைப் போலி செய்தோர் ஏராளம். நாட்டின் பெயர் பொறித்திருந்தால், அது பெரும்பாலும் 1891-க்குப் பிற்பட்டதே. இறக்குமதிப் பொருள்களில் பிறப்பிட நாட்டைக் குறிக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் இயற்றிய பின்னரே அவ்வழக்கம் பரவிற்று.

மரச்சாமான்களில் இழுப்பறையை வெளியே இழுத்துப் பாருங்கள். மூலையில் பலகைகள் கோத்துள்ள பற்கள் ஒன்றுபோல் அச்சாக இருந்தால் அது இயந்திர வேலை. சற்றே ஏறுமாறாக இருந்தால் கைவேலையாகலாம். மரம் குறுக்குவாட்டில் சுருங்கும் இயல்புடையது. ஆகவே பழைய வட்ட மேசையை இருபுறமும் அளந்தால் முழு வட்டமாக இராது. பித்தளை என்று விற்கப்படும் விளக்குத் தண்டில் காந்தம் ஒட்டினால், உள்ளே இரும்பு என்று அறிக.

நம் இல்லத்துக்கு ஏற்றது எது?

அசலாக இருப்பினும் எல்லாம் நமக்கு உகந்தவையல்ல. பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதையும் பருகுவதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, அவற்றைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பதும் கூடாது. உருவச் சிலைகளுக்கும் நம் இல்லங்களில் இடமில்லை.

அதனால் நமக்குக் குறைவு ஒன்றுமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் கடிகாரக் கலைஞர்கள் உதுமானியப் பேரரசின் சந்தைக்கென, அரபு எழுத்துமுறை எண்கள் பொறித்த கடிகாரங்களைச் செய்தனர். பாரிஸின் பிலிப்-ஜோசப் புரோக்கார் மம்லூக்கியர் காலப் பள்ளிவாசல் விளக்குகளைப் பின்பற்றி எனாமல் கண்ணாடி விளக்குகளை உருவாக்கி, 1867-ஆம் ஆண்டு உலகக் கண்காட்சியில் வைத்தார். தியோடர் தெக் துருக்கியின் இஸ்னிக் பீங்கானைக் கண்டு மயங்கி அதன் மலர்க்கோலங்களைத் தம் தட்டுகளில் மலர்வித்தார். நம் முன்னோரின் கலையை ஐரோப்பா எவ்வளவு மதித்தது என்பதற்கு இவை சான்றுகள். இத்தகைய அசல்கள் இன்று பெருவிலை பெறுபவை. ஆகவே மலிவாகக் கிடைத்தால் ஐயுறுங்கள். இறைவசனம் பொறித்த பொருளாயின், உயரமான, தூய இடத்தில் வையுங்கள்.

சில எச்சரிக்கைகள்

யானைத் தந்தமும் ஆமையோடும் பதித்த பொருள்களைத் தொடாதீர்கள். பிரிட்டனில் தந்த விற்பனையை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் 2018-ஆம் ஆண்டுச் சட்டம் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவுக்குள் தந்தம் கொண்டுவருவதும் குற்றமே. பழைய பீங்கானின் மெருகில் ஈயம் இருக்கக்கூடும். அதில் உணவு பரிமாறாதீர்கள். பொருளின் காலம், உலோகம், பழுது ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கையொப்பமிட்ட ரசீது பெறுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதிருப்பதே நலம்.

குவித்த தானியத்தின் உள்ளே ஈரத்தை மறைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். நாளை அப்பொருளை நாமே விற்க நேர்ந்தாலும், அதன் குறையை மறைக்காமல் கூறுவது நம் கடமை. என் உறவினர் இன்றும் அக்குடுவையை வைத்திருக்கிறார். பார்ப்பவர் வியந்தால், “வெள்ளியன்று, முலாம்” என்று தாமே சொல்லிவிடுகிறார். அந்த உண்மை அசலானது!