பார்த்தவர் பன்னிருவர்!

விடிந்ததும் முதலில் பல் தேய்ப்பீர்களா, வாட்ஸப் பார்ப்பீர்களா? உண்மையைச் சொல்லுங்கள், அம்மணி! நான் இரண்டாவது ரகம்.

எங்கள் குடும்பக் குழுவில் காப்பி கலப்பதற்குள் 30 'காலை வணக்கம்' வந்து குவியும். ஸ்ரீரங்கம் ராஜகோபுரப் படமே ஐந்தாறு! 2018-ல் இந்தியாவில், ஒரு செய்தியை ஒரே சமயத்தில் 5 இடங்களுக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி வாட்ஸப் கம்பெனியே வரம்பு கட்டியது. நம்மவர்கள் அசருவார்களா? தொல்லை தாளாமல் குழுவின் சத்தத்தை அடைத்துவிட்டேன். பரம நிம்மதி!

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் தனியாக இருக்கும் அத்தை, ஒரு நாள் காலை 6 மணிக்கு, "கொல்லையில் வழுக்கி விழுந்துவிட்டேன், யாராவது வாருங்களேன்" என்று அந்தக் குழுவில்தான் எழுதியிருக்கிறாள். நான் பார்த்தது 11 மணிக்கு. தில்லைநகரிலிருந்து காவிரிப் பாலம் தாண்டி ஓடினேன். நல்லவேளை, வெறும் சுளுக்குத்தான்.

"பார்த்தவர்கள் என்று பன்னிரண்டு பேரைக் காட்டுகிறது, வந்தவள் நீ ஒருத்திதான்" என்றாள் அத்தை. மற்றவர்கள் கல்நெஞ்சர்களா? இல்லை. பூங்கொத்துக்களோடு அதையும் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

சகோதரிகளே, ஆபத்தென்றால் எழுதாதீர்கள், கூப்பிடுங்கள். நாளைக் காலை பூங்கொத்து அனுப்புமுன், தனியாக இருக்கும் ஒருவரையாவது கூப்பிட்டு, "சாப்பிட்டாயிற்றா?" என்று கேளுங்கள்.