கறுப்பு வாட்ச்... உள்ளே என்ன கலர்?

படிப்பு முடிச்சு அப்ரண்டிஸா நெய்வேலிக்குக் கிளம்பறீங்களா? சேஃப்டி ஷூவுக்கு அடுத்து உங்க கண்ணு போற இடம் வாட்ச் கடை ஷோகேஸாத்தான் இருக்கும். அதுலயும் அந்த மேட் ஃபினிஷ் கறுப்பு வாட்ச்! தாராளமா வாங்கலாம் பாஸ். ஆனா, பர்ஸைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்...

நெய்வேலி மண் லேசுப்பட்டது இல்லை. அங்கே 1957-ல் தோண்ட ஆரம்பிச்சாங்க. பழுப்பு நிலக்கரி கண்ணுல பட்டது 1961-ல்தான். நடுவுல மறிச்சு நின்னது கடலூர் மணற்பாறை. தோண்டுற ராட்சத இயந்திரங்களோட இரும்புப் பற்களையே தேய்ச்ச பாறை அது. காரணம், அதுக்குள்ள இருக்கிற குவார்ட்ஸ் மணல். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கிற மோஸ் அளவுகோல்ல குவார்ட்ஸுக்கு 7. சாதாரண வாட்ச் கண்ணாடி 6-ஐத் தாண்டாது. சஃபையர் கண்ணாடின்னா 9. தூசியைச் சட்டையில துடைச்சாலே ஏன் கீறல் விழுதுன்னு இப்போ புரியுதா?

சரி, கோட்டிங்?

நல்ல வாட்ச்ல அது பெயிண்ட் இல்லை. காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள்ள உலோகத்தை ஆவியாக்கி, கேஸ் மேல படிய வைக்கிறாங்க. பேரு பி.வி.டி. டைட்டானியம் நைட்ரைடு படிஞ்சா தங்க நிறம். டி.எல்.சி.ங்கிற வைரம் மாதிரியான கார்பன் படிஞ்சா கறுப்பு. இது ரொம்பவே கெட்டி. ஆனா தடிமன் சில மைக்ரான்தான். உங்க தலைமுடியே சுமார் 70 மைக்ரான்!

சின்னச் சின்ன உரசலை இந்தப் பூச்சு தாங்கும். படிக்கட்டுக் கைப்பிடியில ‘டங்’னு இடிச்சா? அடியில இருக்கிற உலோகம் நசுங்கும், மேல இருக்கிற பூச்சு உடையும். மெத்தை மேல அப்பளத்தை வெச்சு அமுக்கின கதை.

அதனால கலரைப் பார்க்காதீங்க, வாட்சைத் திருப்புங்க. ‘ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் பேக்’னு மட்டும் இருந்தா, பின்மூடிதான் ஸ்டீல். மத்ததெல்லாம் பித்தளையாவோ, வேற கலவையாவோ இருக்கலாம். கோட்டிங் தேய்ஞ்ச இடத்துல வேர்வை இறங்கி பச்சை பூக்கும். அடியில நிக்கல் பூச்சு இருந்தா சிலருக்குத் தோல் அரிக்கும். ‘ஆல் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல்’னு இருந்தா கவலையில்லை. பூச்சு போனாலும் வெள்ளையா ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான்.

இன்னும் சில டிப்ஸ்:

* கறுப்பு செயின்ல முதல்ல வெளுக்கிறது கொக்கிதான். டேபிள்ல உரசுதே! ரப்பர் ஸ்ட்ராப் பெஸ்ட்.

* ‘30 மீட்டர்’னா 30 மீட்டர் ஆழம் இறங்கலாம்னு அர்த்தமில்லை. கை கழுவலாம், தூறல்ல நனையலாம். நீச்சலுக்கு 100 வேணும்.

* வாரன்ட்டி பெரும்பாலும் உள்ளே இருக்கிற மெஷினுக்குத்தான். கோட்டிங் தேய்மானத்துக்குக் கிடையாது. கார்டைப் படிச்சுட்டு காசு கொடுங்க.

* பட்ஜெட் இடிக்குதா? 1989-ல் வந்த கேஸியோ எஃப்-91டபிள்யூ மாதிரி பிளாஸ்டிக் கேஸ் வாட்ச் போதும். கேஸ் முழுக்க ஒரே கலர்; உரிய பூச்சே இல்லை!

கடைசியா, இதுதான் முக்கியம். லேத், டிரில்லிங் மெஷின், கன்வேயர் பெல்ட் பக்கம் போகும்போது எந்த வாட்சும் வேண்டாம். சுத்துற மெஷின் ஸ்ட்ராப்பைப் பிடிச்சா, கையையும் சேர்த்து இழுத்துடும். எலெக்ட்ரிக்கல் வேலைன்னா இன்னும் உஷார். வெளியே கறுப்பா இருந்தாலும் உள்ளே இருக்கிறது உலோகம். அந்த மெல்லிசுப் பூச்சை நம்பி கரண்ட் பக்கம் கையை நீட்டாதீங்க. கழற்றி லாக்கர்ல வெச்சுட்டுப் போங்க. டைம் பார்க்க சுவர்க்கடிகாரம் இருக்கு. கைக்கு ஸ்பேர் கிடையாது பாஸ்!